தெற்கு ஜன்னல்

சண்முகவடிவுக்கு இடது, வலது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பேச்சு. தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்டே வளர்ந்தவள். "வடக்க தள்ளி நடுளா" என்றும், "கெழக்க கெடக்க நாத்து முடிய எடு" என்றும் கேட்டுக் கேட்டு, சோற்றுப் பானையைக்கூட இம்புட்டுப் போல மேற்கே நகர்த்தச் சொல்லுவாள். மகன் சிவப்பிரகாஷ் செல்போனில் விமானத்தின் படத்தைக் காட்டி, எந்த ஜன்னல் வேண்டும் என்று கேட்டபோது அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"தெக்கு ஜன்னலப் போடுலே."

"எம்மா, ஏரோப்ளேன்ல ஏது தெக்கு? இந்தப் பக்கம் ஏ, அந்தப் பக்கம் எஃப். அவ்வளவுதான்."

"தூத்துக்குடி வாகைக்குளத்துல ஏறுதோம். அதுக்குத் தெக்கதான நம்ம ஊரு? ஒங்கப்பா அங்கன நிப்பாவல்லா?"

சென்னையில் மகள் இசக்கிசெல்விக்குப் பிள்ளை பிறந்திருந்தது. உடனிருந்து பார்க்க மூன்று மாதம் போகிறாள்; கொண்டுபோய் விட மகனும் வருகிறான். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் முப்பிடாதியை விட்டு அவள் ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. பிசான நெல் அறுப்பு நடக்கிறது, அவரால் வர முடியாது. நெல் காயப்போடும் நீலத் தார்ப்பாயை வயலில் விரித்து நடுவில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். "மேல போகும்போது ஒரு கையக் காட்டிட்டுப் போளா." ஜன்னல் அதற்குத்தான்.

சிவப்பிரகாஷ் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மேப்பை விரலால் விரித்தான், சுருக்கினான். ஊர் தென்மேற்கில். சென்னையோ வடக்கே. வடக்கே போகிற விமானத்துக்கு மேற்கு என்பது இடப்பக்கம். ஆகவே 'ஏ' என்று முடிவு கட்டினான். அவன் கணக்கில் தப்பு வருமா என்ன?

விமானம் ஓடுபாதையில் மேற்கே பார்த்து உருளத் தொடங்கியது. ஜன்னலில் தெற்கு. சண்முகவடிவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. முந்தானையைச் சரிசெய்து, கையைத் தயாராக வைத்துக்கொண்டாள். பாதை முடிகிற இடத்தில் விமானம் ஒரு வட்டமடித்து, வந்த வழியே திரும்பி நின்றது.

"ஏலே, திருப்பிட்டான்! எதையாவது மறந்துட்டு வந்துட்டானா?"

"இல்லம்மா. காத்துக்கு எதுத்தாப்பல கெழக்க பாத்து ஏறுவான் போல."

"அப்பம் இது வடக்கு ஜன்னல்லா?"

சிவப்பிரகாஷ் கழுத்தைத் திருப்பி எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தான். அங்கே ஒருவர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பெல்ட்டைக் கழற்றவும் முடியாது. அதற்குள் தரை நழுவிவிட்டது.

விமானம் இடப்பக்கம் சரிந்தபோது பூமி அப்படியே ஜன்னலுக்கு வந்தது. பார்த்தால், எங்கே திரும்பினாலும் நீலம். ஒன்றா, இரண்டா? அடுக்கடுக்காக நீலத் தார்ப்பாய்கள்.

"இத்தனை பேரு நெல்லு காயப் போட்டிருக்காங்களாலே? இதுல நம்முளுது எது?"

"எம்மா, அது உப்பளம். உப்பு அம்பாரத்த மூடிப் போட்டிருக்கான்."

"போலே. உப்புக்குப் போயி யாராவது தார்ப்பாய் போடுவானா?"

அவன் சொன்னதை நம்புவதா, கண்ணை நம்புவதா? ஊர் எந்தப் பக்கம் போனது, சூரியன் ஏன் பின்னால் வருகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு நீலத்துக்கும் ஒரு முறை கையைக் காட்டினாள். மேகம் வந்து மூடும்வரை காட்டினாள்.

சென்னையில் இறங்கிப் பெட்டிக்குக் காத்து நிற்கும்போது ஊருக்குப் போன் போட்டாள். பார்த்தேன் என்று சொல்வதா, பார்க்கவில்லை என்று சொல்வதா என்று நாக்கு தடுமாறியது.

"ஏங்க, எங்கன நின்னீங்க?"

"நின்னேனா? நிக்கேன் ளா, இன்னும் வயல்லதான் நிக்கேன்." முப்பிடாதியின் குரல் வெயிலில் காய்ந்து கிடந்தது. "ஒரு ஏரோப்ளேன் கெளம்பிக் கெழக்க போச்சு. மெட்ராஸு வடக்கல்லா? இது கொழும்புக்குப் போறதுன்னு கையக் காட்டாம உட்டுட்டேன். ஒங்க வண்டி எப்பம் எடுப்பான்?"

சண்முகவடிவு சிரிக்கப் போனாள், கண்தான் நிறைந்தது.

"நான் எறங்கியாச்சு. தார்ப்பாய மடக்கிட்டு வீட்டுக்குப் போங்க. சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்."

"எறங்கிட்டியா? எந்த வழியா போனே?"

"அதுதான் எனக்கும் தெரியல," என்றாள் அவள்.