லெய்பகோவா இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கிய கதை

தீவு நகரமான வீலாவின் சந்தையில் கவுன் தைத்து விற்றவள் லெய்பகோவா. மிஷன் பள்ளியில் ஆறு வருஷம் படித்தவள். துண்டுக் காகிதம் கிடைத்தாலும் படிக்காமல் கசக்க மாட்டாள்.

1977-இல் ஒரு காலை, அவளுடைய மச்சான் கல்மெட் சந்தைக்கு வந்து, சுதந்திரம் கேட்கும் அவன் கட்சியின் தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து ஆண்ட தீவுகள் என்பதால், அந்தத் தாளில் எப்போதும் வசவும் இரண்டு பங்கு இருக்கும். அன்று வசவே இல்லை. "வெள்ளைக்காரருக்கெல்லாம் ஒரு நாடு இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்த நீ எந்த நாட்டுக் குடி?" என்று மட்டும் இருந்தது.

லெய்பகோவாவின் தையல் மெஷின் நின்றது.

"இதுல என்னடி யோசனை? நீ என் பொண்டாட்டி, இந்த ஊர்க்காரி. போதாதா?" என்றான் புருஷன் கல்சாங்.

"உனக்குப் போதும். சர்க்காருக்கு நான் யாரு? கல்மெட் புளுகுறானான்னு போய்ப் பார்த்துட்டே வந்துடறேன்."

மறுநாள் பிரிட்டிஷ் ஆபீஸுக்குப் போனாள். குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க பிரிட்டிஷ் பிரஜை இல்லம்மா."

"அப்ப பிரெஞ்சா?"

"அதை அங்கதான் கேக்கணும்."

மேடேறிப் பிரெஞ்சு ஆபீஸில் கேட்டாள். அங்கிருந்த அதிகாரியும் இல்லை என்றார்.

"அப்ப நான் யாருங்க?"

"இந்த ஊர் சுதேசி."

"சுதேசின்னா எந்த நாடு?"

அந்த அதிகாரி உட்காரும்படி நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. வெளியே வந்தபோது கோபத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது. நாற்பத்தொரு வயதாகியும், தனக்கென்று ஒரு நாடு இல்லை என்பது தெரியாமலே எத்தனை கவுன் தைத்திருக்கிறோம்!

நேரே கல்மெட்டிடம் போனாள். "மச்சான், நீ எழுதினது நெசந்தான். ஆனா உப்பில்லாம எழுதியிருக்கே."

"பெரிய எழுத்தாளி! நீ எழுதேன், பார்ப்போம்."

எழுதினாள். தான் கேட்டதும் அவர்கள் சொன்னதும், அவ்வளவுதான். கடைசியில் ஒரு வரி: "நான் சொல்றதை நம்பாதீங்க. நீங்களே போய்க் கேளுங்க."

கல்மெட் அதை அச்சிட்ட தாள் படகேறிப் பக்கத்துத் தீவுகளுக்கும் போயிற்று. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை இரண்டு ஆபீஸ் வாசலிலும் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான். வரிசையின் கடைசியில் கல்சாங்.

"நீ எதுக்குய்யா வந்தே?"

"நீ பொய் சொல்றியான்னு பாக்கத்தான்!"

பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பியவன், கட்சியின் அடுத்த ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தான். வரிசையில் நின்ற பெண்களில் பாதிப்பேர் அவனுக்கும் முன்னால் நடந்தார்கள்.

மூன்று வருஷத்தில் தீவுகளுக்குச் சொந்தக் கொடி வந்தது, கல்மெட் அதிகாரியானான். ஒரு மழைக்காலத்தில் அவன் மேஜைக்கு லெய்பகோவாவின் கடிதம் போயிற்று: சந்தையில் முழங்கால் தண்ணி, வடிகால் எப்போது?

சந்தைக்கே ஓடிவந்தான். "சுதந்திரந்தான் வந்தாச்சே, இன்னும் என்ன எழுத்து?"

"அன்னிக்குக் கேட்டா அங்க போ, இங்க போன்னாங்க. இப்பத்தான் மச்சான், கேக்க ஒரே ஆள் இருக்கே," என்றாள் அவள்.

அந்த வருஷமே வடிகால் வெட்டினார்கள்.