விரதக் கேக்குக்கு ஊற்றிய பளபளப்பு

தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை அது. நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம் என்பதால் கிழமையில் சந்தேகமில்லை. என் கோபத்திலும் சந்தேகமில்லை; இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

என் தங்கையின் கணவர் காய்கறி லாரி ஓட்டுகிறார். போன மழைக்காலத்தில் எங்கள் மலைப்பக்கம் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போனவர், கோலா தெர்லாவைத் தாண்டிய வளைவில் லாரியோடு கவிழ்ந்தார். லாரியின் முன்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. அவர் தோள் எலும்பு முறிவோடு பிழைத்தார். மருத்துவமனை வாசலில் நின்றபடியே தங்கை பால்குடம் நேர்ந்துகொண்டாள். ஒரு மண்டலம் சைவம், முட்டைகூட இல்லை. விரதம் முடியும் தறுவாயில் அவளுடைய பிறந்தநாள் வந்தது.

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தாலும் கேக் செய்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. மாப்பிள்ளை கைப்பேசியை நீட்டினார். கேக்கின் மேல் யாரோ கண்ணாடி மாதிரி ஒரு பூச்சை ஊற்றினார்கள்; அதில் விளக்கு தெரிந்தது.

“இது மாதிரி வேணும் மச்சான். மொகம் தெரியணும்.”

“இதுல ஜெலட்டின் போடுவாங்க மாப்பிள்ளை. மாட்டுத் தோலு, எலும்பு. அவளுக்கு ஆவாது. அகார் அகார்ல பண்ணிப் பாக்குறேன்.”

“எதுலயாவது பண்ணுங்க லா. மினுக்கணும், அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் தங்கை வீட்டு அடுப்படியில் வேலையை ஆரம்பித்தேன். முட்டையில்லாத கேக்கை முதல்நாளே சுட்டு, கிரீம் தடவி, குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது. நன்றாகக் கொதித்தால்தான் கரையும். அதைச் சர்க்கரைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கெட்டிப்பாலும் வெள்ளை சாக்லேட்டும் சேர்த்து, முருகனுக்கு உகந்த மஞ்சள் நிறம் கலந்து வடிகட்டினேன். ஜெலட்டின் பூச்சை வெதுவெதுப்பாக ஆறவிட்டு ஊற்றுவார்கள். அகார் அவ்வளவு ஆறும்வரை காத்திராது. எங்கள் மலைக் குளிரில் அது பாத்திரத்திலேயே உறையத் தொடங்கியது. ஊற்றினேன், பாதி வழிந்தது, மீதி கட்டி கட்டியாக விழுந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, “சாமிக்குக் களி கிண்டுனீங்களா மச்சான்?” என்றார். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சுரண்டிக் கிண்ணத்தில் போட்டேன்.

தவறு எனக்குப் புரிந்துவிட்டது. அகாரைக் குறைக்க வேண்டும், கேக்கின் குளிரையும் குறைக்க வேண்டும், பூச்சைச் சூடாகவே ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் மறுபடி அளந்து வைத்தேன். அதற்குள் தூறல் பிடித்தது. தங்கை கோயிலில் மாலை கட்டிக்கொண்டிருந்தாள். “நான் போய்க் கூட்டிட்டு வரேன். வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

திரும்பி வந்தபோது முன்னறையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை குளிக்கப் போனாள். அடுப்படியில் கம்பித் தட்டின் மேல் கேக் நின்றது. பூச்சு அப்படி மின்னியது. “ஊத்திட்டேன் மச்சான்!” என்றார் மாப்பிள்ளை. முதலில் நான் அவர் முதுகைத் தட்டிப் பாராட்டினேன். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

தட்டுக்கு அடியில் சொட்டு ஒன்று உறைந்து தொங்கியது. விரலால் தொட்டேன். அகார் என்றால் பட்டென்று ஒடியும். இது ரப்பர் மாதிரி இழுபட்டது.

“என்ன போட்டீங்க?”

“ஹலால் சாப்பு குத்தியிருக்கு மச்சான். சுத்தமானது.”

“சாப்பு பன்னி இல்லன்னு சொல்லுது. மாடு இல்லன்னு சொல்லுச்சா?”

ஜெலட்டின் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். கம்போங் ராஜாவில் கடை பாயிடம் முந்தாநாளே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார்.

“பாய் ஒண்ணும் சொல்லலையா?”

“மாட்டுதுன்னு சொன்னாரு. வீட்டுல யாரும் வெரதமான்னு கேட்டாரு.”

“நீங்க?”

“இல்லன்னுட்டேன்.”

வேற்று மதத்துக்காரர் அவளுடைய விரதத்தை நினைத்துக் கேட்டிருக்கிறார். யாருடைய உயிருக்காக விரதமோ, அவர் இல்லை என்றிருக்கிறார்.

“ஒரு ஸ்பூனு மச்சான். எலும்பாவா இருக்கு? மாவால்ல இருக்கு. அவளுக்குத் தெரியவா போவுது? முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.”

“நான் கோவிப்பேன்.”

“இப்ப சொன்னா அழுவா. பூசம் கழிச்சு சொல்லிக்கலாம் லா.”

“கழிச்சு சொன்னா, எடுத்த பால்குடத்த மறுபடி எடுப்பாளா?”

எனக்குப் பக்தி அதிகம் இல்லை. நிறைய வாசித்து, நிறையச் சந்தேகப்பட்டவன். ஆனால் ஒருத்தி இது என் வாயில் போகக்கூடாது என்று சொன்ன பிறகு, அவளுக்குத் தெரியாமல் அதை ஊட்டப் பார்ப்பதை என்னவென்று சொல்வது? நல்ல வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் என்னை முந்திக்கொண்டு கேக்கை முன்னறைக்குத் தூக்கிப் போனார். தங்கை ஈரத் தலையோடு வந்து குனிந்தாள். “அண்ணே, என் மூஞ்சி தெரியுது!” என்றாள். கையில் கத்தி.

“வெட்டாத. அதுல மாட்டு ஜெலட்டின் இருக்கு.”

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கேக் செய்தவன் நான் அல்லவா? “இவ்ளோ படிச்ச கிராணி இப்படியா பண்ணுவாரு?” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. தங்கையின் பார்வை என் மேலேயே இருந்தது. மாப்பிள்ளை கைப்பேசியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன். என் குரல் அடுத்த வீடு வரை கேட்டிருக்கும்.

“மினுக்கட்டுமேன்னுதான்...” என்றார் கடைசியில்.

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். அழவில்லை. “ஏங்க, பால்குடம் யாருக்கு எடுக்குறேன்?”

“எனக்குத்தான்.”

“அப்புறம் எப்படிங்க மனசு வந்துச்சு?”

அவள் கேக்கை அவர் கையில் கொடுத்தாள். “கடைசி லயத்து வீட்டுல பங்ளா தம்பிங்க இருக்காங்க. அவங்க மாடு சாப்புடுவாங்க. நீங்களே கொண்டு போய்க் குடுங்க.” பங்களாதேஷிலிருந்து தேயிலை பறிக்க வந்த அந்தப் பிள்ளைகள் கேக்கில் முகம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, அவருக்கே முதல் துண்டை ஊட்டினார்களாம். சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். தங்கை அடுப்படிக்கு வந்து நான் சுரண்டி வைத்த கிண்ணத்தை எடுத்தாள்.

“இதுல என்னண்ணே இருக்கு?”

“கடல்பாசி, பாலு, சக்கர, சாக்லேட்டு. வேற ஒண்ணும் இல்ல.”

ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதில் எதுவும் தெரியவில்லை. நின்றபடியே கரண்டியால் கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டாள். பூசத்தன்று பால்குடம் எடுத்தாள். மாப்பிள்ளை செருப்பில்லாமல் பக்கத்தில் நடந்தார். நான் மறுபக்கம் நடந்தேன், அவரோடு பேசவில்லை.

ஒரு கேக்குக்காக மச்சான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறார் என்று மாப்பிள்ளை தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். கடை பாய் கேட்டபோது ‘இல்லன்னுட்டேன்’ என்றாரே, அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.