உப்பு அளந்த பெட்டி

மின்சாரம் கம்பிக்குள் தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்று கல்லூரியில் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். பழவேற்காட்டுக்காரியான எனக்கு உடனே சந்தேகம். எந்தத் தண்ணீர் மாதிரி? எங்கள் ஏரி ஒரே பக்கமாகவா ஓடுகிறது? முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும், கொஞ்ச நேரம் நின்று யோசிக்கும், வந்த வழியே திரும்பிப் போகும். இரண்டாம் வருடம் மாறுதிசை மின்னோட்டப் பாடம் வந்த பிறகுதான் மனம் ஆறியது. அட, இது நம்ம ஊர்த் தண்ணிதானே என்று தோன்றியது.

பொன்னேரி வரை பேருந்து, அங்கிருந்து ரயில். திருப்பாலைவனம் தாண்டும்போது மடியில் புத்தகம் விரிந்தே இருக்கும், நானோ வயல்மேல் கிடக்கும் பனியைப் பார்த்துக்கொண்டு வருவேன். விடுமுறை நாட்களில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து நிழலில் உட்கார்ந்து படிப்பேன். அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா கேட்பாள், "இதுங்களும் பரீட்சைக்குப் படிச்சிதான் இப்டி ஆச்சுங்களாடி?"

அம்மாவும் நைனாவும் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். மார்பளவு தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்தபடி சேற்றை விரலால் துழாவ வேண்டும். அகப்பட்டதைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். வாய் பாதிநாள் கட்டுண்டு கிடப்பதாலோ என்னவோ, கரையேறினதும் எங்கள் சனங்களுக்குப் பேச்சு கொட்டும். "இறாலு கண்ணுக்குச் சிக்காது, வெரலுக்குத்தான் சிக்கும்" என்பார் நைனா. தண்ணீரில் இறங்குமுன் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு ஏறியிருக்கிறதா, மழைத்தண்ணீர் கலந்திருக்கிறதா, இறால் இங்கே நிற்குமா, எல்லாம் அந்த ஒரு சொட்டில் அவருக்குத் தெரியும்.

கடைசி வருடச் செய்முறைக்கு நான் எடுத்துக்கொண்டது அந்த நாக்கைத்தான். இரண்டு கரிக்குச்சிகளைத் தண்ணீரில் விட்டால் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று உப்பின் அளவை ஒரு பெட்டியின் முள் காட்ட வேண்டும். முதலில் பேட்டரி வைத்துப் பார்த்தேன். குச்சிகளில் குமிழி கட்டிக்கொண்டு முள் நிலையில்லாமல் அலைந்தது. பிறகு முகத்துவாரம் நினைவுக்கு வந்தது. போய்ப்போய்த் திரும்புகிற மின்னோட்டத்தைக் கொடுத்தேன், குமிழி அடங்கியது, முள்ளும் நின்றது. நைனா ஒவ்வொரு இடத்துத் தண்ணீரையும் நக்கிச் சொன்னதை ஒரு பக்கமும், முள் சொன்னதை மறுபக்கமும் நோட்டில் எழுதிவந்தேன். நானும் கூடவே நக்கிப் பழகினேன். அந்த மாதங்கள் எனக்கு ஒரே நீண்ட மதியம் போலத்தான் நினைவிருக்கின்றன. வெளுத்த ஏரி, தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள், என் கையில் ஈரமான நோட்டு.

செய்முறைத் தேர்வுக்கு முதல்நாள் மாலை நைனா ஒரு வெள்ளைக் கேன் நிறைய ஏரித்தண்ணீர் மொண்டு வந்தார். காலையில் அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். அன்றைக்குப் பெட்டி வேலை செய்யாவிட்டால் அரியர். அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம். பட்டத்தோடு வா என்று சொல்லியிருந்த வேலையோ அதுவரை காத்திருக்காது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் மேசை முன்னால் நின்றார். இது எங்கள் ஏரித்தண்ணீர், சார், முள் முப்பதைத் தாண்டும் என்று சொல்லி, கேனிலிருந்து பாத்திரத்தில் ஊற்றிக் குச்சிகளை இறக்கினேன். முள் லேசாகச் சிலிர்த்தது. ஒன்றைக்கூடத் தொடாமல் படுத்துக்கொண்டது.

கம்பிகளை இழுத்துப் பார்த்தேன். பற்றவைத்த இடங்களை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரன் குனிந்து, அதுல மீனாவது இருக்கா பாரு என்று முணுமுணுத்தான். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம்தான் தரமுடியும் என்றார். எட்டு நிமிடம் பெட்டியோடு போராடியே போயிற்று. அதன் பிறகுதான், யோசித்து இல்லை, பழக்கத்தில், விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

இனித்தது. மணல்மேட்டு ஊற்றுத் தண்ணீர்.

அம்மாதான். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்கு மணலைத் தோண்டி, ஊறி வரும்வரை உட்கார்ந்திருந்து, கொட்டாங்கச்சியால் மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய நேரமாகும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரைத்தான் கொடுப்போம். கேன் வாத்தியார்களிடம் போகிறது என்று அம்மாவுக்குத் தெரியும். கலங்கல் தண்ணீரைக் கொட்டி, கேனை அலசி, விடியலில் போய் மொண்டு வந்து ஊற்றியிருக்கிறாள்.

தேர்வாளரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப இவ்ளோ நேரமும் உங்க பெட்டி உண்மையத்தானேம்மா சொல்லிட்டிருந்துது?"

அது எனக்கே தோன்றவில்லை. நானும்தான் பெட்டியை நம்பாமல் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் உப்பைக் காட்டி நிரூபிக்கச் சொன்னார். கேன்டீனுக்கு ஓடி ஒரு கை கல்லுப்பு வாங்கிவந்தேன். பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன், நக்கினேன், இன்னும் கொஞ்சம் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். தை மாதத்து ஏரி நாக்கில் வந்து நின்றதும் கலக்குவதை நிறுத்தி, முப்பத்திரண்டு என்றேன். குச்சிகளை இறக்கினோம். முள் அவசரமில்லாமல் எழுந்து முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் நின்றது. நோட்டில் தை மாதப் பக்கத்தைத் திருப்பி அவரே ஒத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, கேனில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்கு வந்து பாஸ் என்றேன். நைனா என் தலையில் கைவைத்தார். அம்மா கேட்டது வேறு.

"சாரு தண்ணி குடிச்சாரா?"

"குடிச்சாரும்மா. ஒரு டம்ளர்."

"பின்ன ஏன் பாஸ் போடமாட்டாரு" என்று சொல்லிவிட்டு, அவள் இறால் உரிக்க உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.