சட்டப் பரீட்சையில் என் வேன்

கல்லும் சரிவுமாக யாருக்கும் வேண்டாமென்று கிடந்த காணியை மாத்தளையில் வாங்கினேன். கல்லை நானே உடைத்தேன். உடைத்த கல்லாலேயே அத்திவாரம் போட்டு வீடு கட்டினேன். தண்ணீர் வராது என்று பக்கத்து வீட்டார் சிரித்த இடத்தில் கிணறு வெட்டினேன், வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான், படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. லொறியில் மூட்டை ஏற்றினேன், பிறகு லொறி ஓட்டினேன், பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கினேன். கலவரத்தில் அதன் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்றே மாதத்தில் திரும்ப ரோட்டில் விட்டேன். இரண்டு தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தேன்.

இவற்றோடு ஒரு சட்டத்தரணியையும் உருவாக்கினேன். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

அந்தச் சட்டத்தரணி என் மனைவியின் தம்பி. தொண்ணூறுகளில் தோட்டப் பாடசாலையொன்றில் தொண்டர் ஆசிரியராக இருந்தான். எங்கள் ஆட்கள் நாலு பேரைப் புலிச் சந்தேகத்தில் பொலிஸ் பிடித்துப்போனபோது, அவர்களுடைய தாய்மார் சொல்வதைத் தமிழில் கேட்டு எழுத ஒரு சட்டத்தரணி கிடைக்கவில்லை. அன்றைக்கே இவன் முடிவெடுத்துவிட்டான். ஆனால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் இரண்டு முறை விழுந்தான். இரண்டு முறையும் காலை வாரியது நுண்ணறிவுப் பகுதிதான். மூன்றாம் முறையும் விழுந்தால் குவைத்துக்குப் போவதாகச் சொல்லி, பாஸ்போர்ட்டை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்தும் வைத்திருந்தான். என் மனைவி அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். ஐந்து பேர் ஒரு வரிசையில் உட்காருகிறார்களாம். ரவி மணிக்குப் பக்கத்தில் உட்காரமாட்டானாம்.

"ஏன் மாப்புள, சண்டையா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்ல மச்சான். கேள்வி அப்பிடி."

"அப்ப கேள்வி போட்டவன் வேன் ஓட்டினதே இல்ல."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த வருடங்களில் வேனில் ஆள் ஏற்றுவது லேசுப்பட்ட வேலையா? நாவுலவுக்கும் தம்புள்ளைக்கும் போகிற வழியில் எத்தனை செக் பொயின்ட்! அடையாள அட்டை இல்லாதவன் எங்கே, வடக்கு விலாசம் உள்ளவன் எங்கே, நல்ல சிங்களம் பேசுகிறவன் எங்கே, கைப்பிள்ளைக்காரி யார் பக்கத்தில், முதலில் இறங்குகிறவன் எந்தக் கதவோரம் என்று தினமும் விடியக்காலையில் ஐந்தே நிமிடத்தில் மனதுக்குள் போட்டுவிடுவேன். அவன் கட்டுக்கட்டாகப் பேப்பர் செலவழித்துப் போட்ட கணக்கு, எனக்குப் பிழைப்பு.

அவனுடைய கொப்பியை இழுத்து என் வேனை வரைந்தேன். சாரதி ஆசனம், கதவு, பின்னால் மூன்று வரிசை. "ஒன்னொன்னா வாசி. ஆளுங்கள ஏத்துவோம்" என்றேன். எனக்கு வேகமாக வாசிக்க வராது. அவன் வாசிக்க வாசிக்க நான் உட்கார வைத்தேன்.

படத்தில் ஒவ்வொரு பேருக்கும் முதல் எழுத்தை மட்டும் போட்டோம். முதல் கணக்கு பிழையாகிப் போனது. 'ச' பொம்பளைப் பிள்ளை என்பதால் அவளை ஆம்பளைகளுக்கு நடுவில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"மச்சான், கேள்வியில இல்லாதத சேக்காதீங்க!"

"ஒன் அக்காவ அப்பிடி ஒக்கார வைப்பியா?"

"அக்கா பரீட்சையிலயே இல்ல மச்சான்!"

அதைப் பிடித்துக்கொண்டேன். சொன்னது மட்டும், சொல்லாதது இல்லை. அதன்பிறகு எனக்குப் பிழைக்கவில்லை. அவனுக்கும் வேகம் வந்தது. ஒரு மாதத்தில் அந்தக் கொப்பி முழுக்க என் வேன்தான். யார் யாருக்கு முன்னால் இறங்குவது என்ற கணக்கு வந்தால், இறங்கும் இடத்துக்கு நாவுல, தம்புள்ள, கலேவெல என்று என் ஓட்டத்தின் பெயர்களையே போடச் சொன்னேன். மனதில் நிற்கும் அல்லவா? அம்புக்குறி போடச் சொன்னதும் நான்தான்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கண்டியில் வகுப்புக்குப் போன பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். அவனுடைய பையில் கொப்பி இருந்தது. பெயரில்லாத எழுத்துகள், ஒரு வேன், அம்புக்குறிகள், ஊர்ப் பெயர்கள். 'ம கதவுக்குப் பக்கத்தில். ச இறங்கிய பிறகே ர இறங்குவார்.' குண்டு வைக்கிற திட்டம் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்?

அவனைப் பிடித்துப்போய்விட்டார்கள் என்று கண்டக்டர் வந்து சொன்னபோது நான் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். கொப்பியில் வரையச் சொன்னது யார் என்று என் மனைவிக்குத் தெரியும்.

முதல் நாள் பொலிஸில் என்னை வாசலோடு அனுப்பினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், எங்கள் டவுன் பள்ளிவாசல் பக்கத்து முஸ்லிம் கான்ஸ்டபிள் ஒருவர் என்னை அடையாளம் கண்டு உள்ளே கூட்டிப்போனார். என் மனைவியின் தம்பி ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் பொத்தான் இல்லை. வலது கையை மடியில் வைத்து, மற்றக் கையால் மூடியிருந்தான். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் கொப்பியை விரித்து, 'ச' யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"அப்பிடி ஒரு ஆளே இல்ல சேர்."

"இல்லாத ஆளுக்கு எதுக்கு ஸீட்?"

இது பரீட்சைக் கணக்கு, அச்சடித்த புத்தகமும் அதே பையில் இருக்கிறது, ஏதாவது ஒன்றைக் கேளுங்கள், உங்கள் கண்முன்னே செய்து காட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். விடை பிழைத்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கான்ஸ்டபிள் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, இரண்டு பாஷையிலும் வாசித்தார். ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். வைத்தியர் நடுவில். அவருக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் ஆசிரியர். வலது ஓரத்தில் வியாபாரி. விவசாயி ஓரத்தில் இல்லை. தையற்காரர் எங்கே?

மேசையில் இருந்ததை எடுத்தேன். தேநீர்க் கோப்பை வைத்தியர், பேனை ஆசிரியர், முத்திரைக் கட்டை வியாபாரி, சாவிக்கொத்து விவசாயி. ஐந்தாவதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தன் தொப்பியை என் பக்கம் தள்ளினார். கோப்பைக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்தை வைத்தேன். மீதி இருந்தது இடது ஓரம் மட்டும். அங்கே தொப்பியை வைத்தேன்.

கான்ஸ்டபிள் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தார். "ஹரி சேர்" என்றார். சரிதான்.

அன்று பின்னேரம் அவனை விட்டார்கள். கொப்பியைத் தரவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று அவன் இன்றுவரை சொன்னதில்லை. கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதை விட்டுவிட்டான். மீதி ஒன்பது நாளும் தனியாகவே படித்தான். நான் அறைக்குள் போனால் புத்தகத்தை மூடுவான். நானும் போவதை நிறுத்தினேன். நான் முறிந்த காலம் என்று ஒன்று உண்டென்றால், அது அந்த ஒன்பது நாள்தான். கலவரத்தில்கூட அப்படி இல்லை.

பரீட்சைக்கு முதல் நாள் அவனாகவே வந்தான். "மச்சான், நாளைக்குக் கொழும்புக்கு வேன் எடுப்பீங்களா?"

"எடுக்காம?"

"எந்த ஸீட்டுல ஒக்காரணும்னு சொல்லுங்க. அங்கயே ஒக்காந்துக்கிறேன்."

நடு வரிசையில் வைத்தேன். ஒரு பக்கம் அவன் அக்கா, மறுபக்கம் சிங்களம் நன்றாகப் பேசுகிற பக்கத்து வீட்டு அம்மா. கொழும்பு வரை ஒருவரும் அவனை இறக்கவில்லை. வீங்கிய இரண்டு விரலோடு எழுதினான். பாஸானான்.

போன வருடம் டவுனில் அவனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். கண்டி வகுப்பு ஆசிரியருக்கு நன்றி சொன்னான். பிறகு, "எங்க மச்சான் வரைஞ்ச படத்தால மூணு நாள் உள்ள இருந்தேன்" என்றான். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்ஸ்பெக்டர் மேசையில் நான் போட்ட கணக்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது தன் கதையைப் புத்தகமாக எழுதுகிறானாம். எழுதட்டும். மூன்று நாள் உள்ளே போனது என்னால் என்று எழுதட்டும், அது உண்மை, மறுக்கமாட்டேன். அவனுடைய விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கணக்குகளைப் போடப் பழக்கியது யார், பொலிஸில் இன்ஸ்பெக்டர் முன்னால் போட்டு அவனை வெளியே கொண்டுவந்தது யார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். மச்சான் என்று மொட்டையாகப் போட்டால் போதாது. என் முழுப் பெயர் வேண்டும். அச்சுக்குப் போகுமுன் எனக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும்.