இனிஷியல் முன்னால வந்தது

அன்னிக்கு கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்தவங்க: நான். என் பொண்ணு. என் மச்சான், சம்சாரத்தோட தம்பி. டைப் அடிக்கிறவர். ஆதார் ஜெராக்ஸுக்குக் காத்துக்கிட்டிருந்த ஒரு பெரியவர்.

சம்சாரம் இல்ல. அது அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போயி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. பொண்ண மட்டும் மொதல்ல கூப்பிட்டுக்கறேன், பாஸ்போர்ட் எடுங்கன்னு சொல்லியிருந்துச்சு. அதுக்குத்தான் போயிருந்தோம்.

"மொதப் பேரு என்னங்க?"ன்னு கேட்டார் டைப் அடிக்கிறவர்.

"ஸ்கூல் டீசில எப்பிடி இருக்குதோ அப்பிடியே போட்ருங்க"ன்னான் மச்சான்.

டீசில இனிஷியல் முன்னால, பேரு பின்னால. இங்க எல்லாருக்கும் அப்படித்தான். இனிஷியல்னா அப்பன் பேரு. டைப் அடிக்கிறவர் அத முழுசா விரிச்சு, மொதல் கட்டத்துல என் பேரப் போட்டார். அடுத்த கட்டத்துல பொண்ணு பேரு. பெரியவர் எட்டிப் பாத்துட்டு, "சரியாத்தான் இருக்குது"ன்னார். நானும் தலையாட்டினேன். நான் எட்டாவது. இன்னும் படிச்சிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

பொண்ணு போயிடுச்சு. எனக்கு விசா அப்புறம்னாங்க. எனக்கு காரிமங்கலம் பைபாஸ்ல லாரி டயர் பஞ்சர் கடை. கடைய விட்டுட்டுப் போறதுக்கும் இல்ல.

அங்க ஸ்கூல் தொறந்த அன்னிக்கே டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தாங்களாம். என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். பொண்ணு வாயத் தொறக்கல.

தொறக்காது. இங்க ஒம்பதாவது படிக்கிறப்போ ஒரு பையன் என் பேரச் சொல்லி இத ஓட்டினான். இங்க பிள்ளைங்க சண்டைன்னா அதுதான் மொதல்ல. யாரு அப்பன் பேரு என்னன்னு கண்டுபிடிச்சு, நடு ரோட்டுல கத்திக் கூப்பிடறது. இது அவன் டிபன் பாக்ஸ எடுத்து ஸ்கூல் கெணத்துல போட்டுடுச்சு. நான் போயி புது டிபன் பாக்ஸ் வாங்கிக் குடுத்தேன். ஹெட்மாஸ்டர் என்னையும் திட்டினார்.

அங்க கெணறு இல்ல. கூப்பிடறது டீச்சர். ஒவ்வொரு பீரியடும் ஒவ்வொரு டீச்சர், எல்லாரும் என் பேரச் சொல்றாங்க. பசங்களும் அதையே சொல்றாங்க. பொண்ணு குனிஞ்சு உக்காந்துக்கிச்சு. இதுக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு முடிவு பண்ணி, தனியா ஒரு ரூம்ல உக்கார வச்சு, ஆப்பிள் படம் காட்டி "இது என்ன?"ன்னு கேட்டாங்களாம்.

"நீ என்ன சொன்ன?"ன்னேன்.

"மாங்கான்னு சொன்னேன். தமிழ்ல."

சிரிக்கல அது.

"அது எங்கப்பா பேருன்னு டீச்சர்கிட்ட சொல்றதுதான?"

"அய்யோ, சும்மா இருப்பா. அப்பா பேருன்னு தெரிஞ்சா இன்னும் ஓட்டுவாங்க."

ஸ்கூல்ல இருந்து சம்சாரத்துக்கு வார்டுல இருக்கறப்போ போன் வந்துச்சாம். என் பேரச் சொல்லி, நீங்க அவரோட அம்மாவான்னு கேட்டாங்களாம். "இல்லைங்க, அவங்க ஊர்ல இருக்காங்க"ன்னு சொல்லிடுச்சு. எங்கம்மாவ நெனச்சிக்கிச்சு. அப்புறந்தான் உறைச்சுதாம். ஆமா, நான்தான் அம்மான்னு சொல்லியிருக்குது. பேர மட்டும் சொல்லல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேர அது வாயால சொன்னதில்ல. ஆஸ்பத்திரில புருசன் பேரு கேட்டாலும் எழுதித்தான் காட்டும்.

ஐப்பசி கடைசில பொண்ணு சொல்லுச்சு, "நான் வந்துடறேன்ப்பா."

ஏன்னு கேக்கல. ஹெட்மாஸ்டரப் போயிப் பாத்தேன். "அரையாண்டுப் பரீட்சைக்குள்ள வந்தா பத்தாவதுல சேத்துக்கறேன். தாண்டுனா அடுத்த வருசந்தான்"ன்னார். மச்சான் டிக்கெட் பாத்தான். சம்சாரம் போன்ல, "வந்து ரெண்டரை மாசம் கூட ஆவல. மறுபடி நான் ஒண்டியா இருக்கணுமாங்க?"ன்னுச்சு. பொண்ணுகிட்ட நான் வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. எனக்கும் வூட்ல ஒண்டியாத்தான் இருந்துச்சு. அத சொல்லி ஆவறது ஒண்ணுமில்ல.

டிக்கெட் போடலாமா வேணாமான்னு ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணும். அன்னிக்கு வெள்ளிக்கெழம.

அங்க காலையில ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம், இங்க நான் சாப்பிடற நேரம். பொண்ணு வீடியோல வரும். கடையில, போன டயர் டியூப் மேல சாத்தி வச்சிட்டு சாப்பிடுவேன். அதிகம் பேச்சு இருக்காது. அன்னிக்கும் அப்படித்தான். மழை பெய்யுதான்னு கேட்டேன். பெய்யுதுன்னுச்சு. என்ன கொழம்புன்னு கேட்டுச்சு. கடையில வாங்குனதுன்னேன்.

அப்போ யாரோ கத்தி என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க.

வாயில சோறு. "தோ, வர்றேங்க!"ன்னு பதிலுக்குக் கத்திட்டு எந்திரிச்சேன். லாரிக்காரங்க ரோட்டுல இருந்தே அப்படித்தான் கூப்பிடுவாங்க. எச்சக்கையோட வெளிய வந்து பாத்தேன். லாரி ஒண்ணும் நிக்கல. ரோடு காலி.

உள்ள போன்ல சிரிப்புச் சத்தம். திரும்பி வந்து பாத்தா பொண்ணு குனிஞ்சு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்குது. பக்கத்துல செம்பட்ட முடியோட இன்னொரு பொண்ணு. என் பொண்ணு கிளாஸ்தான், பக்கத்து சீட்டு. அதுதான் தூரத்துல இருந்து கூப்பிட்டிருக்குது. போனுக்குள்ள இருந்து யாரு பதில் சொல்றதுன்னு புரியாம முழிக்குது.

"நீ எங்கப்பா போன?"

"லாரி வந்துருக்குதுன்னு."

மறுபடி சிரிப்பு. மூச்சு வாங்கிக்கிட்டு அந்தப் பொண்ணுகிட்ட இங்கிலீஷ்ல என்னவோ சொல்லுச்சு. வேகமாச் சொல்லுச்சு. நெறைய சொல்லுச்சு. ஆப்பிள் படம் காட்டுனவங்க கேட்டிருக்கணும். அந்தப் பொண்ணு வாயப் பொத்திக்கிச்சு. அப்புறம் போன்ல எட்டிப் பாத்து, கையாட்டி, என்னப் பாத்தே என் பேரச் சொல்லுச்சு. நானும் கையாட்டினேன். சோத்துக்கை. பஸ் வந்துடுச்சு.

சனிக்கெழம போன் வரல. ஞாயித்துக்கெழம வந்துச்சு.

"டிக்கெட்டு?"ன்னேன். "மாமன் கேக்குறான்."

"இப்ப வேணாம். லீவுக்குப் பாத்துக்கலாம்."

"ஓட்டுறாங்களா?"

"இல்லப்பா. அவ எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. ஒருத்தரும் ஓட்டல. உங்கப்பா நல்லா இருக்காரான்னு கேக்குறாங்க. ஊர்ல அந்தப் பையன் டிபன் பாக்ஸ்தான் வீணாப் போச்சு."

அடுத்த வாரம் டீச்சரே கூப்பிட்டு, பேர மாத்திக் கூப்பிடட்டுமான்னு கேட்டாங்களாம். இது வேணாம்னு சொல்லிடுச்சு.

"ஏன்?"

"மறுபடி எல்லாருக்கும் மொதல்ல இருந்து சொல்லணும். போர்."

சரின்னேன்.

"அப்புறம் ஒண்ணு தெரியுமா? அம்மா ஸ்கூலுக்கு வந்துச்சு. எந்தப் பிள்ளைன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. எழுதறதுக்குப் பேனா இல்ல. உன் பேரச் சொல்லிடுச்சு."

"எப்பிடிச் சொல்லுச்சு?"

"வேகமா."

வெளிய லாரி நின்னுச்சு. கர்நாடகா வண்டி, பின்னால டயர் எறங்கியிருந்துச்சு. போன வைக்கறதுக்கு முன்னால கேட்டேன், ஒரு நாளைக்கு மொத்தம் எத்தன தடவ அட்டெண்டன்ஸ்ல கூப்பிடுவாங்கன்னு. வெரல் விட்டு எண்ணுச்சு.

ஒம்பது.