பின்னல் விரிப்பு

மகளின் புது வீட்டில் ரேடியோமேல் வெள்ளை நூலில் பின்னிய விரிப்பு. "பழைய ஸ்டைல்தான்பா இப்போ ஃபேஷன்" என்றாள்.

ராயபுரத்தில் எங்களுக்கு அது அழகுக்காக இல்லை. ஜன்னலைச் சாத்தினாலும் துறைமுகத்து நிலக்கரித் தூள் உள்ளே வரும். ரேடியோ, தண்ணீர்க்குடம், என் தலையணை என எல்லாவற்றையும் அம்மா விரிப்பு பின்னி மூடினாள். சாயங்காலம் வாசலில் நின்று, இருமிக்கொண்டே ஒவ்வொன்றாக உதறுவாள்.

"மூஞ்சிய மூடிக்கினு உதறு மே" என்பார் அப்பா.

"எனக்கு இன்னா ஆவப்போவுது?"

கடைசியில் அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "பீடி பிடிப்பாங்களா?" என்று கேட்டார்.

மகளின் விரிப்பை எடுத்துப்போய் பால்கனியில் உதறினேன்.

"புதுசுப்பா, தூசியே இல்ல."

மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உதறினேன்.