மாரியப்பன் பெயரில் ஓடிய சர்வர்

சர்வர் நிர்வாகி என்றால் எல்லாச் சாவியும் அவனிடம் இருக்கும். எந்தப் பூட்டை எதற்குப் போட்டான் என்பது மட்டும் அவனுக்கே மறந்திருக்கும். அட்மின் பாஸ்வேர்டைச் சுமந்து திரியும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டன் செல்போன் காலத்தில், சூளகிரி பக்கம் பிரேக் டிரம் வார்க்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஒவ்வொரு டிரம்மையும் கேமரா படமெடுக்கும். நல்லதா, விரிசலா என்று சர்வர் சொல்லும். அப்படிச் சொல்ல, முதலில் அது மனிதர்களிடம் பாடம் கற்க வேண்டும்.

ஆசிரியர் யார்?

அமைப்புத் திரையில் முதல் கேள்வியே அதுதான். இன்ஸ்பெக்டர் மாரியப்பன் பெயரைப் போட்டேன். சாமல்பட்டிக்காரர், ஓசூரில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். படம் வந்ததும், நல்லதென்றால் பச்சை, விரிசலென்றால் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். சர்வர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். மற்றவர்கள் சொல்லைவிட அவர் சொல்லுக்கு இரட்டை மதிப்பு என்றும் அமைத்தேன். அது என் சொந்த யோசனை என்று பெருமை வேறு.

போகப் போக அவரிடம் சிவப்பு அதிகமாக விழுந்தது. ஏன் என்று கேட்டேன். "சந்தேகம் வந்தா ரிஜெக்ட்டுதான் சார். பிரேக்கு ஆச்சே, உசுரு விசயம்" என்றார்.

பத்து மணி

மப்பும் மந்தாரமுமான ஒரு நாள், பட்டப்பகலில், மாரியப்பன் பைக்கோடு போய் ரோட்டோரம் நின்றிருந்த லாரியில் மோதி இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்தபிறகு சர்வரில் அவருடைய கணக்கை மூடினேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பதிவைத் திறந்தால், 'ஆசிரியர்: மாரியப்பன். பாடம் தொடங்கியது' என்று இருக்கிறது. எனக்கு முதுகு சில்லிட்டது. பாஸ்வேர்டுகளை மாற்றினேன், நெட்வொர்க் ஒயரைக்கூடப் பிடுங்கிப் பார்த்தேன். அடுத்த நாளும் பத்து மணிக்கு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள்தான் விளங்கியது. தினமும் பத்து மணிக்குச் சர்வர் பழைய படங்களைத் திரும்பப் படிக்கும். யார் சொல்லிக்கொடுத்ததோ அவர் பெயரை எழுதும். கணக்கை மூடினால் ஆள் உள்ளே வர முடியாது, அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தது அப்படியே இருக்கும். விளங்கிய பிறகும் பத்து மணிக்கு அந்த அறையில் தனியாக இருக்க எனக்குப் பயம். அத்திப்பள்ளியிலிருந்து வரும் எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் தன் கன்னடம் கலந்த தமிழில், "செத்தவரு கரெக்ட் டைமுக்கு வராரு, உங்களுக்கெல்லாம் என்ன ரீ கஷ்டம்?" என்றார்.

பக்கத்தில் நிற்பவர்

மாரியப்பன் இடத்துக்கு நூர்ஜஹான் வந்தாள். கிருஷ்ணகிரி ஜவுளிக்கடைக்காரர் மகள். மாசக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லை அனுப்பிவிடுவார்கள். அவள் பச்சை கொடுத்த டிரம்களைச் சர்வர் சிவப்பில் தள்ளியது. யார் பாடம் என்று பார்த்தால் மாரியப்பன் பெயர். மேனேஜர் சர்வரைத்தான் நம்பினார். வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் அடித்துத் தயாராக இருந்தது.

அவள் அழவில்லை. "அந்த சீட்டுல உக்காந்தா, பக்கத்துல ஒருத்தர் நின்னுக்கிட்டு வேண்டாம் வேண்டாங்கற மாதிரியே இருக்குது சார்" என்றாள்.

மேகம் மூடிய நாட்கள்

விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். வெயில் அடித்தால் சர்வரும் அவளும் ஒத்துப்போனார்கள். மேகம் மூடினால்தான் தகராறு. மாரியப்பன் கடைசி மாதங்களில் சிவப்பு அழுத்திய படங்களை வரிசையாகத் திறந்தோம். எல்லாம் வெளிச்சம் குறைந்த நாட்களில் எடுத்தவை. டிரம்களில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "எங்க அத்தாவுக்குக் கண்ணுல புரை வந்தப்ப இப்படித்தான் சார். மேகம் மூடுனா கடைத் துணியெல்லாம் அழுக்குன்னு ஒதுக்கி வெப்பாரு" என்றாள் மெதுவாக.

மாரியப்பனுக்குக் கண் மங்கியிருக்கிறது. வேலை போய்விடும் என்று வெளியில் சொல்லவில்லை. சரியாகத் தெரியாததையெல்லாம் சிவப்பில் தள்ளியிருக்கிறார். அந்த லாரியையும் அவர் பார்த்திருக்க மாட்டார். அவர் மண்ணுக்குள் போன பிறகும், சர்வர் அந்தக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு இரட்டை மதிப்புக் கொடுத்தவன் நான்.

சர்வர் தள்ளிய பத்து டிரம்களை மேனேஜர் முன்னால் அறுத்தோம். ஒன்றிலும் விரிசல் இல்லை. அவர் நூர்ஜஹானின் கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். நான் மாரியப்பனின் கடைசி மாதப் பாடங்களை நீக்கப் போனேன். 'காரணம்' என்று ஒரு கட்டம் வந்தது. காலியாக விட்டால் நீக்க விடாது. கண் மங்கியதை எழுதினால், அந்தப் பதிவை ஆபீஸில் எல்லோரும் படிப்பார்கள். எங்கள் கேன்டீனில் வேலை பார்க்கும் அவர் மனைவி காதுக்கும் போய்விடும். என் விரல் நின்றுவிட்டது. பின்னால் நின்ற நூர்ஜஹான், "அவரு பேரு இருக்கட்டும் சார், கண்ண மட்டும் எடுத்துருங்க" என்றாள்.

'மழைக்காலத்தில் கேமரா மங்கல்' என்று அடித்தேன். இத்தனை வருஷ சர்வர் உத்தியோகத்தில் நான் மனசார எழுதிய பொய்ப் பதிவு அது ஒன்றுதான்.